ரெட்டை விசிறிக்காரர்

“…மூணு நாளா காய்ச்சல்ங்கிறே. காய்ச்சல்காரப் பிள்ள நேத்து பாசார் மாலாம் ராச்சந்தையில ஒரு கையில சோளம், ஒரு கையில ஐஸ் தண்ணியோட நிக்குது. என்னைப் பாத்ததும் ஒன் பின்னால ஒளியுது. சொல்லு தம்பி, என்னா விஷயம்?”

பள்ளி வேன் சன்னல் வழியாக அவர் இதைக் கேட்டபோது காலை ஆறே முக்கால். கிள்ளானில் இன்னும் விடியாத நேரம். எங்கள் தாமான் குடியிருப்பில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பதினோரு பிள்ளைகள், பாதித் தூக்கத்தில். பன்னிரண்டாவது பிள்ளை என் மகள். சீருடையும் முதுகில் பையுமாக வீட்டு வாசலில் நின்றாள். நடுவில் நான், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அவளை அந்த வேனில் ஏற்ற எனக்குப் பயம். அந்தப் பயத்தை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல அதைவிடப் பயம். காரணம், ஞாயிற்றுக்கிழமை நான் அவருடைய வலது கையைப் பார்த்துவிட்டேன்.

அவர் யார் என்று சொல்லாமல் கையைப் பற்றி மட்டும் சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். பெயரைப் போடவில்லை. தாமானில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பிள்ளைகளுக்கு அவர் வேன் அங்கிள். எங்களுக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ரெட்டை விசிறிக்காரர்.

டிரோன் எல்லார் கைக்கும் வராத வருடங்கள் அவை. சுபாங் ஜெயாவில் ஒரு கடையில் பொம்மை ஹெலிகாப்டர் வாங்கிவந்து, தாமான் பூப்பந்து மண்டபத்தில் விளையாட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் பறக்கவிடுவோம். நான், என் கூட்டாளி சிவா, இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லாரும் குடும்பஸ்தர்கள். வீட்டில் கேட்டால் “மீட்டிங்” என்று சொல்லிவிட்டு வருகிற வயசு.

அந்த ஹெலிகாப்டர் முழங்கை நீளம் இருக்கும். ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு விசிறி. ஒன்று இடமாகச் சுற்றினால் மற்றது வலமாகச் சுற்றும். ஒன்றின் முறுக்கை மற்றது சமன் செய்துவிடுவதால் வாலில் தனி விசிறி தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், இரண்டு முனையிலும் குண்டு வைத்த மெல்லிய கம்பி ஒன்று குறுக்காகச் சுற்றும். உடம்பு சாய்ந்தாலும் அந்தக் கம்பி சாய மறுக்கும். மறுத்து, விசிறியையும் கூடவே இழுத்து நிமிர்த்திவிடும். கடைக்காரன் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னான். அண்ணன் வைத்த பெயர் தராசுக் கம்பி. அதுதான் நிலைத்தது.

குணத்தில் அது எருமை. ரிமோட்டின் குச்சியைப் படபடவென்று நாலு தரம் ஆட்டினாலும் காதில் வாங்காது. ஒரே பக்கம் நிதானமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் “சரி, போறேன்” என்று கிளம்பும். விட்டுவிட்டால் இரண்டு தரம் மணி மாதிரி ஆடி, தானாக நிற்கும். காற்று மட்டும் அதற்கு ஆகாது. ஒரு கதவு திறந்தால் போதும், பிளாஸ்டிக் பை மாதிரி மிதந்து போய்ச் சுவரில் முட்டும். அதனால் மண்டபத்தில் எல்லாக் கதவும் சாத்தி, எல்லா மின்விசிறியும் நிறுத்தி, நாங்கள் வேர்த்து ஒழுக நிற்போம். நான் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவன். ஊருக்கெல்லாம் குளிர்காற்று கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆவியில் வேகிறேன் என்று என் மனைவி சிரிப்பாள்.

எங்களுக்கெல்லாம் அதைக் கீழே போடாமல் சுற்றிவருவதே பெரிய காரியம். பதற்றத்தில் குச்சியை இப்படியும் அப்படியும் இழுப்போம். வேகமாகப் போகும்போது சட்டென்று திருப்பினால் மேல் விசிறியும் கீழ் விசிறியும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். டப்பென்று ஒரு சத்தம், தரை முழுக்க உடைந்த தகடு.

“கைதட்டிக்கிச்சா? கைதட்டினா செத்துச்சி,” என்பார் அண்ணன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. “எதுக்குப் போட்டு இந்தப் பிடி பிடிக்கிறே? கை வெச்சா கெடுப்பே. விடு லா, அதுவே வந்து நிக்கும்.”

அவர் முறை வந்தால் மண்டபமே அமைதியாகும். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தன் முன்னால் இழுத்துப் போட்டு ரிமோட்டை அதன்மேல் வைப்பார். நாங்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவோம். அவர் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவர் போலக் குனிந்து, மணிக்கட்டை ஸ்டூலில் ஊன்றி, ஒரு விரலால் மெதுவாகத் தள்ளுவார். ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழும்பும். மார்பு உயரம் வந்ததும் கையை எடுத்துவிடுவார். எடுத்த கைகளைக் கட்டி, உள்ளங்கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். அவருக்கு முன்னால் அது அந்தரத்தில் நிற்கும். கொஞ்சம் இடம் நகரும், கொஞ்சம் வலம் நகரும், திரும்பவும் நிற்கும். யாரும் தொடவில்லை. நாங்கள் கைதட்டுவோம்.

“பொட்டி குடிச்சது தீரப்போவுது, பாரு, மூக்கு திரும்புது,” என்பார். பேட்டரி இறங்கும்போது இரண்டு மோட்டாரில் ஒன்று முதலில் தளரும். அப்போது மூக்கு தன்னால் ஒரு பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். கடிகாரமே பார்க்காமல், அந்த மூக்கைப் பார்த்து இறக்கிவிடுவார்.

ஒரு தடவை நானும் என் மனைவியும் அவர் முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டோம். எதற்கென்று மறந்துவிட்டது. அவர் வேனில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: “நல்லதுதான் தங்கச்சி. ரெண்டு விசிறியும் எதிர் எதிரா சுத்துறதாலதான் பொட்டி நேரா நிக்குது. ரெண்டும் ஒரே பக்கம் சுத்துச்சின்னா மொத்தமும் பம்பரம்தான்.” அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை வந்தால், “நேரா நிக்கிறோம், பரவால்ல” என்பாள் அவள்.

வேனில் ஒரு பிள்ளை அழுதாலும் அவருக்கு அதே மருந்துதான். “யாரும் தொடாதீங்க. அதுவே நிக்கும்.” உண்மையாகவே நின்றுவிடும். அந்த மனிதரைச் சுற்றி எல்லாமே தானாக நின்றுகொண்டிருந்தது.

இப்போது யோசித்தால், எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது.

மாமாக் டீக்கடையில் நாங்கள் மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடிப்போம். அவரும் அதே மேசையில்தான் உட்காருவார். ஆனால் அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் பையில், ஓரத்தில் முடிச்சுப் போட்டு, உறிஞ்சுகுழல் வைத்து வர வேண்டும். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வாங்குகிற மாதிரி. முடிச்சை விரலில் மாட்டிக்கொண்டு உறிஞ்சுவார். “அண்ணே, உக்காந்துக்கிட்டே பூங்குஸ் பார்சலா? கடைக்காரன் கிளாஸ் கழுவுறது பிடிக்கலியா?” என்று சிவா கிண்டல் செய்வான். “கிளாஸ்ல குடிச்சா டீ ஆறிப்போவும். இதுல குடிச்சா கடைசி வரைக்கும் சூடு,” என்பார். இது பொய், பையில்தான் சீக்கிரம் ஆறும். ஏர்கோன்காரனான எனக்கு அது தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

ஹெலிகாப்டருக்குப் பேட்டரி வயரைக் குத்துவதற்கு அவர் கை வைத்ததே இல்லை. “நீ குத்து தம்பி, எனக்குக் கண்ணு சரியில்ல.” குத்தியதும் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். விளக்கு சிமிட்டுவது நின்று சீராக எரியும்வரை தொடக்கூடாது. அந்தச் சில வினாடிகளில்தான் அது தன் நிலையைக் கற்றுக்கொள்ளும். கையில் பிடித்தபடி குத்தினால், கையின் ஆட்டத்தையே அசையாத நிலை என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். இது நாங்கள் எல்லாரும் செய்த தப்பு. அவர் ஒரு நாளும் செய்யாத தப்பு. எப்படிச் செய்வார், அவர்தான் அதைத் தொடுவதே இல்லையே.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியில் ஒரு மசாஜ் கடை உண்டு. கண் தெரியாதவர்கள் நடத்துவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே ஏர்கோன் கழுவப் போவேன். ஒருநாள் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்போது அண்ணன் கீழே இறங்கி வந்தார்.

“இங்கே எங்கண்ணே?”

“முட்டி தம்பி, முட்டி,” என்று முழங்காலைத் தட்டிக்காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மேலே ஏணியில் நின்று நான் ஃபில்டரைக் கழற்றும்போது அங்கிருந்த மாஸ்டர் கேட்டார்: “இப்ப போனவரு ஒங்க ஊரு ஆளா?”

“ஆமா மாஸ்டர், எங்க வேன்காரரு. என் பிள்ள அவரு வேன்லதான் போவுது.”

“அவரு வலது கைய பிடிச்சா, போனு வைப்ரேட்ல கெடக்கிற மாதிரி இருக்கு லா. எடுத்துப் பேசலாமான்னு பாக்கிறேன்.”

நான் ஏணியில் நின்று சிரித்தேன். நல்ல உவமை என்று சிரித்தேன். நல்ல பேச்சு கேட்டால் எனக்கு மயக்கம்; அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். கண் தெரியாத மனிதர் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக் கண்டதை, இரண்டு வருடம் பக்கத்தில் நின்ற நான் நகைச்சுவையாக வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்த ஞாயிறு.

சிவா புதுசு ஒன்று கொண்டுவந்தான். ஒற்றை விசிறி, வாலில் சின்னதாக இன்னொன்று. உண்மையான ஹெலிகாப்டர் மாதிரி. தராசுக் கம்பி கிடையாது. “இது சொன்ன பேச்சு கேக்கும். விரல் அசைஞ்சா இதுவும் அசையும்,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடத்தில் சுவரில் கொண்டுபோய் மோதினான். ஏதும் உடையவில்லை. எல்லாரும் சிரித்தோம்.

“அண்ணன்கிட்டக் குடு. இரும்புக் கை. அவர் நிக்க வெப்பாரு பாரு,” என்றேன் நான்தான்.

“எனக்கு ரெட்டை விசிறி போதும் தம்பி.”

“பயமாண்ணே?”

“பயமில்ல. பழக்கமில்ல.”

“அட சும்மா ஒரு தரம்ண்ணே. சிவா வாய அடைக்கணும்.”

அவர் ஸ்டூலைத் தேடினார். ஸ்டூல் அவருக்குப் பின்னால் இருந்தது. அதில் என் மகள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவளையும் அழைத்து வந்திருந்தேன். அவளை எழுப்ப அவருக்கு மனமில்லை. நான் ரிமோட்டின் பட்டையை அவர் கழுத்தில் மாட்டி, ரிமோட்டைக் கையில் திணித்தேன். மாலை போடுகிற மாதிரி, எல்லாரும் பார்க்க.

அது முழங்கால் உயரம் எழும்பியது. எழும்பியதும் நடுங்கியது. குளிரில் நனைந்த குருவி நடுங்குமே, அப்படி. “சிவா, ஒன் மெஷின் சரியில்ல, ஆடுது,” என்றேன். இடுப்பு உயரம் வந்தது. நடுக்கம் ஆட்டமாகியது. வால் இந்தப் பக்கம் வீசியது, அந்தப் பக்கம் வீசியது. அவர் நிறுத்தப் பார்க்கிறார். நிறுத்தப் பார்க்கப் பார்க்க ஆட்டம் பெரிதாகிறது. சட்டென்று அது திரும்பி எங்கள் பக்கமாகவே வந்தது. மூக்கு நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். அவர் ஒரு பக்கம் தள்ள, அது இன்னொரு பக்கம், ஸ்டூல் இருந்த பக்கம், பாய்ந்தது. யாரோ கத்தினார்கள். அவர் குச்சியை ஒரேயடியாகக் கீழே இழுத்தார். தரையில் விழுந்து விசிறி தெறித்தது. ஒரு துண்டு என் மகளின் பிஸ்கட் பொட்டலத்தைத் தட்டிவிட்டுப் போய்ச் சுவரில் அடித்து விழுந்தது.

மகளுக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் ஹெலிகாப்டரைப் பார்த்து ஓடினார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். மெஷின் செத்துவிட்டது. ஆனால் ரிமோட்டின் நீள ஆன்டெனா இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனி காற்றில் சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, நிற்கவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். ரிமோட்டை என்னிடம் நீட்டிவிட்டு இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டார்.

“மெஷின் ரோசாக் தம்பி.”

“ஆமாண்ணே. மெஷின் சரியில்ல.”

இரண்டு பேரும் பொய் சொன்னோம்.

இரண்டு வருடமாக நாங்கள் கைதட்டியது தராசுக் கம்பிக்கு. அந்த எருமை, படபடவென்று வரும் நடுக்கத்தைக் காதில் வாங்காமல், அவருடைய ரகசியத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அவர் கையை எடுத்தது துணிச்சல் என்று நாங்கள் நினைத்தோம். அவர் எடுத்தது ஒளிக்க.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல இரண்டு ஹாரன். நான் வெளியே போய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். “ஐயோ, கஞ்சி குடு,” என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்த வேன் திரும்பும் முனையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளிக்குப் போகிற சாலை துறைமுகத்துக்கும் போகிற சாலை. கண்டெய்னர் லோரிகள் உரசிக்கொண்டு போகும். அவர் கையை எடுத்தால் வேன் தானாக நிற்காது.

மகளைக் கேட்டேன், அங்கிள் வேன் எப்படி ஓட்டுவார் என்று. “நல்லா ஓட்டுவாருப்பா. சிவப்பு லைட் வந்தா மட்டும் கை மேலயே உக்காந்துக்குவாரு,” என்றாள், அது எல்லா டிரைவரும் செய்கிற காரியம் போல.

செவ்வாயும் காய்ச்சல். புதனும் காய்ச்சல். நான் மகளை என் ஏர்கோன் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பள்ளி வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே இறக்கிவிட்டேன், அவர் பார்த்துவிடக் கூடாதென்று. திருடன் மாதிரி. புதன் சாயங்காலம் பாசார் மாலாமில் அவரைப் பார்த்த பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“ஏங்க, மத்த பதினோரு பிள்ளைங்க?”

நான் அவள் மடித்து வைத்த துணியை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

“நம்ம பிள்ளைய மட்டும் இறக்கிட்டா போதுமா? நாளைக்குக் காலையில நீங்க பேசுறீங்க. இல்லன்னா நான் பேசுவேன். நான் பேசினா அவரால தாங்க முடியாது.”

அதனால்தான் வியாழக்கிழமை மகள் சீருடையோடு வாசலில் நின்றாள். அதனால்தான் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டுவிட்டார், என்னா விஷயம் என்று. பதினோரு பிள்ளைகளும் இப்போது முழித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வந்தது இதுதான்:

“இந்த வேனுக்கு மேல தராசுக் கம்பி இல்லண்ணே.”

அவர் முகம் அப்படியே இருந்தது. இரண்டு கையும் ஸ்டேரிங்கில் இருந்தன. ஆடவில்லை. அதைத்தான் முதலில் காட்டினார். “பாத்தியா? பிடிச்சா நிக்குது. லோரி ஓட்டின கை தம்பி இது. ஸ்டேரிங் பிடிச்சா நிக்குது.”

உண்மை. நின்றது. ஆனால் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எங்களுக்கு அவர் எப்போதும் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பிடி.

“எவ்ளோ நாளாண்ணே?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“டாக்டர்கிட்டப் போனீங்களா?”

“போனா லெசென்ல எழுதி, ஓட்டக்கூடாதும்பாங்க.” பின்னால் ஒருமுறை கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தார். குரலை இறக்கினார். “காலையில ஆறு மணிக்கு எழுந்து எங்க போவேன், சொல்லு.”

எனக்கு ‘சரி ஏறும்மா’ என்று மகளைக் கூப்பிட்டுவிடத் தோன்றியது. அந்த ஒரு வினாடியில் உண்மையாகவே வாயைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை செய்ததையே திரும்பவும் செய்யப் பார்த்தேன். அவர் மேலுள்ள பிரியத்தில் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டுவது.

மாட்டவில்லை. கேட்டைப் பிடித்தபடியே நின்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார், கேட்டைப் பிடித்திருந்த கையை. பிறகு தன் கைகளை ஸ்டேரிங்கிலிருந்து எடுத்தார். அக்குளுக்குள் போகவில்லை. டேஷ்போர்டு வெளிச்சத்தில் இரண்டையும் விரித்து நீட்டினார், மழையா என்று பார்க்கிறவர் மாதிரி. இடது கை சும்மா இருந்தது. வலது கை இருந்த இடத்தில் நிற்கவில்லை.

முன் சீட்டில் இருந்த பொடியன் எட்டிப் பார்த்தான். “அங்கிள், குளிருதா?”

“ஆமாடா,” என்றார். “நீ பின்னால போய் உக்காரு.”

இன்ஜினை நிறுத்தினார். சாவியை உருவினார். அது கொத்தாகக் கிலுகிலுத்தது. கதவைத் திறந்து இறங்கி, அந்தக் கிலுகிலுப்போடு என்னிடம் வந்து, சாவியை என் சட்டைப்பையில் போட்டார்.

“ஓட்டு தம்பி. பிள்ளைய ஏத்து. மணி அடிச்சிரும்.”

பிறகு வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கைகளைக் கட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு, நேரே சாலையைப் பார்த்தார்.